சிவப்புக் குண்டும் கண்ணாடிக் குண்டும்

இதை எழுத எனக்கு அருகதை உண்டா என்று தெரியவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாமக்கல்லில் லாரி பேரிங் விற்கும் ஒரு கடையில் இருபத்தாறு வருடமாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். என் கை எழுதிப் பழகியதெல்லாம் பேரிங் நம்பர்கள்தான். நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். காகிதம் என்னைத் திரும்பிப் பார்க்காது என்பதால் எழுதுகிறேன்.

சொல்ல வந்தது இரண்டு கருவிகளைப் பற்றி. காய்ந்த இலையைக் கொளுத்தாமல், சூடான காற்றை மட்டும் அதன் வழியாக விட்டு, வாசனையை ஆவியாக எடுத்துத் தரும் மேசைக் கருவிகள். இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் என் மனைவியின் மூக்கிலிருந்து தொடங்கினால்தான் அது புரியும்.

நாங்கள் இருப்பது புதுச்சத்திரத்தில். அவள் தினமும் பஸ் ஏறி ராசிபுரம் போய், ஒரு வெண்ணெய் வியாபாரியிடம் நெய் உருக்குகிறாள். பத்தொன்பது வருடமாக அந்த வேலை. கூட ஐந்து பெண்கள் இருந்தாலும் அண்டா முன்னால் நிற்பது அவள்தான். வெண்ணெய் உருகி, நுரைத்து, படபடவென்று வெடித்து, பிறகு சத்தம் அடங்கும். சத்தம் அடங்கியதற்கும் அடிக்கசடு தீய்வதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறதாம். கண்ணுக்கு அது தெரியாது. மூக்குதான் சொல்லும். அவள் “ம்” என்பாள். மற்றவர்கள் அடுப்பை அணைப்பார்கள். அவள் ஒரு கைப்பிடி முருங்கை இலையைப் போடுவாள். அந்த ஒரு “ம்”முக்காகத்தான் அவளுக்கு அங்கே மரியாதை.

ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்துக் கிடந்து எழுந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். ஒரு நாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வருகிறேன், கேட்டைத் திறக்கும்போதே பருப்பு தீயும் நாற்றம். உள்ளே போனால் அவள் அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து, அமைதியாகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எதற்கு முகத்தைச் சுளிக்கிறேன் என்று என்னைக் கேட்டாள். நான் அடுப்பைக் காட்டினேன். அவள் பாத்திரத்தைப் பார்த்தாள், பிறகு கையிலிருந்த பூண்டை மூக்கருகே கொண்டுபோனாள். அப்படியே வெகுநேரம் வைத்திருந்தாள்.

சேலத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். காய்ச்சலுக்குப் பின் சிலருக்கு இப்படி ஆகும், வரும்போது வரும், காலையும் மாலையும் நாலு வாசனைகளை முகர்ந்து பழகுங்கள் என்றார். எலுமிச்சைத் தோல், கிராம்பு, யூகலிப்டஸ் தைலம், பன்னீர். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்வாள். “தண்ணியை மோந்து பாக்கற மாதிரியே இருக்குதுங்க” என்பாள்.

வேலையிடத்தில் அவள் சொல்லவில்லை. சத்தத்தையும் நிறத்தையும் வைத்து ஓட்டினாள். மார்கழி முதல் வாரத்தில் ஒரு அண்டா தீய்ந்துவிட்டது. வியாபாரி நல்ல மனிதர், கத்தவில்லை. தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். அவள் சொன்னாள். தை பிறந்து முதல் திங்கட்கிழமை கல்யாணங்களுக்குப் பெரிய அண்டா ஏற்றுகிறோம், அதற்குள் மூக்கு சரியானால் நீயே நில், இல்லாவிட்டால் பேக்கிங்கில் உட்கார்ந்துகொள் என்றார். வேறொருத்தியை நிற்க வைத்துப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். இதை வீட்டில் வந்து சொல்லும்போது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். எனக்குப் போட்டுவிட்டுத் தனக்குப் போட மறந்துவிட்டாள்.

அந்த நாட்களில்தான் எனக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. நான் அதிகம் பேசாதவன். கல்யாணமான இத்தனை வருடத்தில் சாயங்காலங்களில் அவள் பேசுவாள், நான் கேட்பேன். இப்போது அவள் கேட்க ஆரம்பித்தாள். மொட்டை மாடியில் உட்கார்ந்திருப்போம். கிழக்கே கொல்லிமலை நீலமாகக் கரைந்துகொண்டிருக்கும். ஹைவேயில் லாரிகள் போகிற சத்தம் தூரத்து ஆறு மாதிரி கேட்கும். “இப்ப என்ன வாசமுங்க?” என்பாள். நான் மூச்சை இழுத்துப் பார்த்துச் சொல்வேன். ஈர மண். யாரோ குப்பை எரிக்கிறார்கள். இல்லை, கரும்புத் தோகை. கோழிப் பண்ணையிலிருந்து காற்று திரும்புகிறது. கீழ் வீட்டில் வெங்காயம் வதங்குகிறது, இப்போது கடுகு போட்டார்கள். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, கனவு காண்கிறவள் போலக் கேட்பாள். சொல்லச் சொல்ல எனக்கும் உலகம் பெரிதாகிக்கொண்டே போனது. ஐம்பது வருடம் மூக்கு இருந்தும் நான் எதையும் முகர்ந்ததே இல்லை என்று தோன்றியது.

அவளுக்குச் சொல்ல ஏதாவது வேண்டுமே என்று பகலிலும் முகர ஆரம்பித்தேன். பஸ் சீட், மழைக் கோட்டு, புது பேரிங் சுற்றி வரும் எண்ணெய்த் தாள், எதையும் விடவில்லை. ஒரு நாள் கடையில் கிரீஸ் டப்பாவைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தபோது எதிரே ஒருவர் நிற்பதைக் கவனிக்கவில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் திருச்செங்கோட்டுக்காரர். பல வருடம் ஆப்பிரிக்காவில் போர்வெல் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர், எங்கள் கடையில்தான் பேரிங் வாங்குவார்.

“ஏனுங்க, ரொட்டிக்குத் தொட்டுக்கப் போறீங்களா?” என்றார்.

கடையில் வேறு யாரும் இல்லை. எப்படி எனக்கு வாய் வந்தது என்று தெரியாது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்காமல் கேட்டார். சிகரெட்டை விடுவதற்காக அங்கே ஒரு நண்பர் சொல்லி, தான் இரண்டு கருவிகள் வாங்கியதாகவும், எது நல்லது என்று முடிவு பண்ண முடியாமல் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததிலேயே சிகரெட் ஞாபகம் போய்விட்டதாகவும் சொன்னார். இரண்டும் பரண்மேல் கிடக்கின்றன. துளசி, புதினா எது போட்டாலும் பத்தடிக்கு வாசனை வரும், சும்மா முகர்வதைவிட இது பலமாக இருக்குமே, பாருங்கள் என்றார்.

“அந்தூர்ல இதுல வேற எலை போடுவாங்க. நம்மூர்ல அதப் போட்டா ஜெயில்ல களிதான். நீங்க துளசியோட நிறுத்திக்குங்க” என்றார். மறுநாளே இரண்டையும் அட்டைப் பெட்டியில் கொண்டுவந்து வைத்தார். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பினால் போதும், “அதுக்கப்புறமாச்சும் எனக்கு எது நல்லதுன்னு தெரியட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டுக்கும் அமைப்பு ஒன்றுதான். கட்டைவிரல் பருமனில் ஒரு உலோகக் கிண்ணம், அதைச் சுற்றிக் கம்பிச்சுருள். கரண்டு கொடுத்தால் சுருள் காயும். கிண்ணம் நிறையச் சின்னச் சின்னக் குண்டுகள். காற்று அந்தக் குண்டுகளின் இடுக்கில் புகுந்து சூடேறி, கீழே இருக்கும் இலையைத் தொட்டு, தண்ணீர் வைத்த கண்ணாடிக் குழாய் வழியாக வாய்க்கு வரும். வாயால் இழுத்து மூக்கால் விட வேண்டும். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில் சூட்டின் அளவு எண்ணாக ஒளிரும். ஒரு கருவியில் குண்டுகள் சிவப்புக் கல்லால் ஆனவை, உரித்த மாதுளை மாதிரி இருந்தன. இன்னொன்றில் வெறும் கண்ணாடி, பனித்துளிகளை அள்ளிப் போட்டாற்போல.

குண்டு என்றால் எனக்குத் தெரியும். அதுதானே என் பிழைப்பு. வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன், இரண்டும் மூன்று மில்லிமீட்டர். சிவப்பு கனம் அதிகம். சூடாக அரை மணி நேரம் பிடித்தது, ஆனால் சூடானபின் சட்டென்று இறங்காது. கண்ணாடி பத்து நிமிடத்தில் தயார். ஆனால் நாலு முறை இழுத்தால் சூடு தளர்ந்து, மறுபடி ஏறக் காத்திருக்க வேண்டும். மனைவி ஒரே வார்த்தையில் தீர்த்துவிட்டாள். அது இரும்பு தோசைக்கல், இது அலுமினியச் சட்டி.

இலைகளை அவளே சேர்த்தாள். துளசி, தவனம், மருக்கொழுந்து, திருநீற்றுப்பச்சிலை. நிழலில் காயவைத்து, கையால் நொறுக்கி, தனித்தனி டப்பாவில் போட்டாள். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் ஜன்னலோரம் மேசையைப் போடுவோம். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் குமிழியிடும். வெள்ளை ஆவி மெதுவாக ஏறி, வெயிலின் கடைசிக் கோடு அதில் பட்டுக் கொஞ்ச நேரம் நிற்கும். அறை முழுவதும் தவனமாக ஆகிவிடும். நான் ஏதோ தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது போல் மயங்கிக் கிடப்பேன். அந்தத் தோட்டத்துக்கு நடுவில் என் மனைவி மட்டும் ஒன்றுமில்லாத இடத்தில் உட்கார்ந்திருப்பாள். அடுத்த வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகக் குழாயைப் பார்த்து நின்றுவிட்டார் ஒருநாள். மூக்குக்கு வைத்தியம் என்றோம். நம்பின மாதிரி தெரியவில்லை.

பத்து நாள் இப்படிப் போனது. ஒரு வியாழக்கிழமை, கண்ணாடிக் கருவியில், அவள் ஆவியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“துளசி வாசம் வருதுங்க” என்றாள்.

நான் டப்பாக்களைத் திரும்பிப் பார்த்தேன். துளசி டப்பாவில் ஈரம் இறங்கியிருந்ததால் அன்று நான் போட்டது தவனம். அவளிடம் சொல்ல மறந்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். நான் சந்தோஷப்பட வேண்டும் என்று அந்த முகம் காத்துக்கொண்டிருந்தது. நல்லது என்றேன். வேறு என்ன சொல்ல?

அதற்குப் பிறகு தினமும் அவளுக்கு ஏதாவது வந்தது. கண்ணாடிக் கருவிதான் நல்லது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்றாள். ஏன் என்று எனக்குத் தெரியும். சிவப்பு சூடாகும் அரை மணி நேரம் நான் வேலைக் களைப்போடு, சாப்பிடாமல் எதிரே உட்கார்ந்திருப்பேன். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அவள் மூக்கு. அவளோ எனக்காகத் தேர்ந்தெடுத்தாள். நான் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போவேன், யோசித்துக்கொண்டே வருவேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை வேலையிலிருந்து வந்தவள், மூக்கு சரியாகிவிட்டது, திங்கட்கிழமை பெரிய அண்டா முன்னால் நிற்கிறேன் என்று வியாபாரியிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குக் கண்ணாடிக் கருவியைச் சுத்தம் செய்ய எடுத்தேன். கை தவறி, கிண்ணம் கவிழ்ந்துவிட்டது. கண்ணாடிக் குண்டுகள் சிமெண்டுத் தரையில் சிதறி, பாதிக்கு மேல் குளியலறைச் சாக்கடைக்குள் உருண்டு போய்விட்டன.

பேரிங் கடைக்காரனுக்குக் குண்டு குறைந்தால் என்ன செய்வான்? வீட்டுப் பெட்டியில் பழைய பேரிங் ஒன்றிலிருந்து எடுத்து வைத்த இரும்புக் குண்டுகள், பால்ரஸ் என்போம், கிடந்தன. அளந்தேன், அதே மூன்று மில்லி. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் தொழிலில் ஒன்றைச் சுத்தம் செய்வது என்றால் டீசலில் அலசுவது. வேறு சுத்தம் எங்களுக்குத் தெரியாது. கையையே டீசலில்தான் கழுவுவோம். அலசினேன், பனியன் துணியால் பளபளவென்று துடைத்தேன், மீதமிருந்த கண்ணாடியோடு கலந்து கிண்ணத்தை நிரப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் குளித்துக்கொண்டிருந்தபோது அவளே மருக்கொழுந்தைப் போட்டு சுவிட்சைத் தட்டியிருக்கிறாள். நான் தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வருகிறேன், அவள் பாதி மூச்சு இழுத்துவிட்டு இருமினாள். குழாயைத் தள்ளி வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்க, டீசல்” என்றாள்.

துவட்டுவதை விட்டுவிட்டு, என்னது என்றேன்.

“டீசல் நாத்தமுங்க. உங்க சட்டையில வருமே, அது.”

ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன், ஜன்னல்களைத் திறந்தேன். இதை மறுபடி வாயில் வைக்காதே, நான்தான் மடத்தனம் பண்ணிவிட்டேன் என்று ஏதேதோ சொன்னேன். அவள் கேட்கவே இல்லை. துணிக்கொடியில் கிடந்த என் வேலைச் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று கிட்டே போனால், சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டும்தான் என்று பிறகு தெரிந்தது.

“பத்தொன்பது வருசம் நெய்யி மோந்த மூக்குக்கு, மொதல்ல வந்து சேந்தது பாருங்க” என்றாள்.

இருவரும் தரையில் உட்கார்ந்தோம். காற்று உள்ளே வந்து அந்த நாற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போனது. அவள் சட்டையை மடியில் வைத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“அன்னைக்குத் துளசின்னு சொன்னது பொய்யிங்க.”

“தெரியும்.”

“எப்படி?”

“அன்னைக்குப் போட்டது தவனம், புள்ள.”

அவள் என்னையே பார்த்தாள். “தெரிஞ்சும் ஏன் சொல்லாம இருந்தீங்க?”

நான் எழுந்து ஈரத் துண்டைக் கொடியில் போட்டேன். அவளே, சரி விடுங்க என்றாள். பிறகு எழுந்து போய் சிவப்புக் கருவியை மேசையில் வைத்து, முதல் தடவையாக அவளே அரை மணி நேரம் காத்திருந்தாள். நாலு டப்பாவையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். இந்த முறை பெயரை யாரும் சொல்லவில்லை. இழுத்து, விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவாள். இல்லை. மருக்கொழுந்துக்கு இல்லை. தவனத்துக்கு இல்லை. சமையலறையிலிருந்து அவளே உருக்கிய நெய்யைக் கரண்டியில் சுடவைத்துக் கொண்டுவந்தாள். அதையும் வெகுநேரம் முகர்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே தை மாத வெயில் முருங்கை மரத்தின்மேல் விழுந்து, ஒவ்வொரு இலையும் தனித்தனியாக மிதப்பது போல் இருந்தது. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். டீசல் மட்டும்தான் என்றாள்.

அவள் முகத்தில் ஏமாற்றம் இருந்தது. ஆனால் இத்தனை நாள் இருந்த ஒரு இறுக்கம் இல்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்ல வேண்டிய கஷ்டம்தான் அவளை அதிகம் வாட்டியிருக்கிறது. மூக்கு போனதைவிட அது பெரிது போலிருக்கிறது. வந்த ஒரு வாசனை உண்மையான வாசனை. ஒன்று வந்தால் மற்றதும் ஒருநாள் வரலாம். வராமலும் போகலாம்.

“நாளைக்குப் போயி உள்ளதச் சொல்லிப்புடறேன்” என்றாள். “அண்டாவுல பொய் சொன்னா, கல்யாண ஊட்டுப் பந்தியில தெரிஞ்சு போயிரும்.”

நான் சரி என்றேன். எந்தக் கருவியை வைத்துக்கொள்வது என்று கேட்டேன். சிவப்பு என்றாள். அது சூடாகவும் நேரமாகும், ஆறவும் நேரமாகும், அதுவரைக்கும் நான் வாசனைகளைச் சொல்லிக்கொண்டிருப்பேன் அல்லவா என்றாள். அன்று சாயங்காலம் பசிக்கு ஆளுக்கொரு தோசை தின்றுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தோம். குண்டுகள் உள்ளே இருந்தாலும் அவை சிவந்திருப்பது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. திருநீற்றுப்பச்சிலை ஆவி எழுந்தது. அது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கொஞ்சம் சோம்பு, கொஞ்சம் எலுமிச்சை, மழைக்கு முந்தின காற்று, யாரோ கோயிலிலிருந்து ஈரப் புடவையோடு நம்மைத் தாண்டிப் போனது மாதிரி என்றேன். அவள், யாருங்க அது ஈரப் புடவை என்று கேட்டாள். நான் அடுத்த டப்பாவைத் திறந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை அவள் ஏழரை பஸ்ஸுக்குப் போனாள், சாயங்காலம் வந்து பேக்கிங்கில் உட்கார வைத்துவிட்டார்கள் என்றாள். கண்ணாடிக் கருவியில் பால்ரஸை எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, திருச்செங்கோட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன், குண்டு குறைவதையும் சொன்னேன்.